ரப்பர் கழற்றிய நாட்கள்

13 ஜனவரி 2025
அடுத்த செவ்வாய் ஆபரேஷன். முறைப்படி ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கம்பி, அப்புறம்தான் தாடையை வெட்டுவார்களாம். அந்தக் கம்பி போட்டால், ஏற்கெனவே துருத்தியிருக்கிற கீழ்த்தாடை இன்னும் அதிகமாகத் தெரியுமாம். இருபத்தாறு வருஷம் இந்த மூஞ்சியோடு இருந்தது போதாதா? முதலில் வெட்டுங்கள், கம்பி பிறகு என்று சொல்லிவிட்டேன். டாக்டர் தாமரைச்செல்வி ஒன்றையே மூன்று தடவை சொன்னார்: "கடி சேராமதான் இருக்கும் மெரின். மேலயும் கீழயும் மாட்டுற ரப்பர்தான் தாடைய புடிச்சி வைக்கும். சாப்பிட, பல் தேய்க்க மட்டும் கழட்டு. இல்லன்னா பழைய பக்கமே நகர ஆரம்பிச்சிரும்."

24 ஜனவரி
வீக்கம். சிரிஞ்சில் கஞ்சி. வேறொன்றும் எழுத முடியவில்லை.

27 பிப்ரவரி
பேங்கில் என் ஆதாரைப் பார்த்த கவுன்ட்டர்காரர், "இது உங்க அக்காவாம்மா?" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். அந்தப் போட்டோவை முதலில் மாற்ற வேண்டும்.

9 மார்ச், ஞாயிறு
பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டார். பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கிறவர்களில் நானும் ஒருத்தி! பத்து வயசில் "ஒனக்கு ச வரல, பின்னால போய் நில்லு" என்று உபதேசியார் துரத்திய அதே கோவில்.

16 மார்ச்
ஒத்திகை. ரப்பரோடு வாய் திறக்கவே இல்லை. கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தேன். இரண்டு மணி நேரம்தானே.

28 மார்ச்
இப்போது வீட்டிலும் கழற்றிவிட்டுத்தான் படிக்கிறேன். திரும்பப் போடச் சோம்பல். சோம்பலா? பொய். ரப்பர் இல்லாமல் கண்ணாடியில் பார்க்கப் பிடித்திருக்கிறது. கம்பி மாற்றப் போனபோது டாக்டர் கேட்டார். "போட்டுட்டுதான் இருக்கேன் டாக்டர்."

11 ஏப்ரல்
காலையில் கடித்துப் பார்த்தால் கீழ்ப்பல் மேல்பல்லின் நுனியில் இடிக்குது. போன வாரம் உள்ளதானே இருந்துச்சி? ரெண்டு ரெண்டா ரப்பர் மாட்டிப் படுத்தா திரும்பிடுமா — அம்மாகிட்ட எப்படிச் சொல்வேன்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி
வாசித்தேன். ஒரு ச கூடப் பிசகவில்லை. இயேசுவைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மறுதலிக்கிற இடத்தில் குரல் நடுங்கிவிட்டது. உணர்ந்து வாசித்தாய் என்றார் சாமியார்.

5 மே
எக்ஸ்ரே. கீழ்த்தாடை நாலு மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "முழுக்க ஒன் தப்புன்னும் சொல்ல முடியாது மெரின். மொதல்ல ஆபரேஷன் பண்ணா சில பேருக்கு ரப்பர் போட்டும் நகரும்." எனக்கு எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் திட்டியிருக்கலாம்.
ஒரு வருஷம் பொறுத்து மறுபடி வெட்டலாமாம். "இன்னொரு தடவ ஒன்ன அந்த ரூமுக்குள்ள அனுப்ப எனக்குத் தெம்பு இல்லடி" என்று அம்மா பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதாள்.

10 ஆகஸ்ட்
இந்த வாரமும் கோவிலில் பின்வரிசை. யாரும் போகச் சொல்லவில்லை.

22 செப்டம்பர்
பேங்குக்குப் போனேன். அதே கவுன்ட்டர், அதே ஆள். ஆதாரில் நான் இன்னும் மாற்றாத அந்தப் பழைய போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்.