வேப்பம்பூவுக்குக் காவல்

பிப்ரவரி 26
சிவராத்திரி. இன்றோடு குளிர் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகவில்லை, ஸ்வெட்டரோடுதான் வாசலுக்குப் போனேன். வேப்பமரம் மொட்டையாக நிற்கிறது. ஆனால் நுனியில் செம்பு நிறத்தில் ஏழெட்டுத் துளிர்! முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்குச் சொந்த வீட்டு மரம் எப்போது துளிர்க்கும் என்று தெரியாது. ஓய்வுபெற்றபின் முதல் வசந்தம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வருஷா வருஷம் வரதுதான். பால் பொங்கிடும், விடுங்க" என்றாள் ஹம்ஸா.

மார்ச் 14
மொட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். மொட்டேதான்.

மார்ச் 22
பூத்துவிட்டது. வாசத்துக்காக ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். கொசுவும் வருகிறது, வரட்டும். சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய்ப் பச்சடியில் நம் மரத்துப் பூதான் என்று அறிவித்தேன். ஹம்ஸா சிரித்தாள். நம் பூ சித்திரைவரை நின்றதே இல்லையாம். யுகாதிக்கே தெருவில் எல்லோரும் ஒடித்துக்கொண்டு போய்விடுவார்களாம். நாம் கடையில் பாக்கெட் வாங்குகிறோமாம். பாக்கெட்!

மார்ச் 27
பலகை மாட்டினேன். ஸ்டேஷன் பெயர்ப்பலகை மாதிரி மஞ்சளில் கறுப்பு எழுத்து: 'பூ பறிக்கக் கூடாது.' கன்னடம், தமிழ், இங்கிலீஷ்.

"கடல் மட்டத்துலேர்ந்து எவ்ளோ உயரம்னும் எழுதிடுங்க" என்றாள் ஹம்ஸா.

மார்ச் 29
நாளை யுகாதி. காலை ஐந்து மணியிலிருந்து மரத்தடியில் நாற்காலி போட்டுக் காவல். எதிர்வீட்டு தேவம்மா வந்தார். "ஸ்வல்ப பூ வேணும் சார், வெல்லத்தோட கலக்கறதுக்கு." அது இல்லாமல் அவர்களுக்கு வருடம் பிறக்காது, தெரியும். இருந்தும் பலகையைக் காட்டினேன். நின்று நிதானமாகப் படித்தார். மூன்று மொழியிலும் படித்தார். திரும்பிப் போய்விட்டார்.

சே. ஒரு கொத்து கொடுத்தால் என்ன? — ஒருத்தருக்குக் கொடுத்தால் எங்கள் விஜயநகர் பேட்டையே வந்து நிற்கும். — அதெல்லாம் சாக்கு. எனக்குக் கொடுக்க மனசு வரலை, அவ்வளவுதான். வேலையில இருந்தப்போ இப்படியா இருந்தேன்? இப்படித்தான் இருந்திருப்பேன். கவனிக்க நேரம் இல்லை.

மார்ச் 30
தேவம்மா வீட்டிலிருந்து நாலு போளி வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8
மரம் முழுக்கப் பூ. அடியில் பழைய வேட்டியை விரித்து உதிர்வதைச் சேர்த்து வைக்கலாம் என்கிறாள் ஹம்ஸா. உதிர்ந்தது யாருக்கு வேண்டும்? பண்டிகையன்று காலையில் புதிதாகப் பறிப்பேன்.

ஏப்ரல் 13
சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று, மழை, ஆலங்கட்டி. அரை மணி நேரம்தான். பூ மொத்தமும் சாக்கடையில். பலகை மட்டும் அசையவில்லை.

"சரி, பாக்கெட்டே வாங்கிண்டு வரேன்" என்றேன்.

"மாங்காய்?"

"அதுவும் கடையில கிடைக்காதா?"

"இத்தனை வருஷமா பச்சடி மாங்காய் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க? தேவம்மா மரத்துலேர்ந்துதான்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பாக்கெட் வாங்கக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 14
காலையில் தேவம்மா வந்தார். கையில் இரண்டு மாங்காய், ஒரு சின்ன டப்பா. திறந்தால் காய்ந்த வேப்பம்பூ.

"உங்க மரத்துதுதான் சார். யுகாதிக்குப் போக மிஞ்சினதைக் காய வெச்சேன், உங்க பண்டிகைக்கு ஆகும்னு."

என் மரத்ததா? எப்படி?

"அன்னிக்கு மத்தியானம் சேர்ல ஸ்வல்ப தூங்கினீங்க இல்ல? ஹம்ஸா அக்காதான் தொரட்டி போட்டு ஒடிச்சுக் கொடுத்தாங்க."

சமையலறையில் திடீரென்று பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது.

முப்பத்தைந்து வருடத்தில் டியூட்டியில் ஒரு நிமிடம்கூடக் கண்ணசந்ததில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரும் நம்பப்போவதில்லை.

பலகையைக் கழற்றினேன். பச்சடியில் கசப்பு அளவாக இருந்தது. முதல் கிண்ணத்தை நானே எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்த யுகாதிக்கு முந்தின நாளும் மரத்தடியில் நாற்காலி போட்டு நன்றாகத் தூங்குவேன் என்று தேவம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.