அறுநூறு டாலரும் ஒரு தலைசுற்றலும்

பதூக்கா,
ஜூன் 9, 2021

அன்புள்ள ஹார்லனுக்கு,

இங்கே நலம். நீயும் ஆற்றில் சரக்குப் படகு வேலையில் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் கூட்டாளிகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் உங்களுக்கு மளிகை கொண்டுவரும் படகில் இதை அனுப்புகிறேன்.

வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. நமக்குத் திரும்ப வரவேண்டிய பணத்தில் அறுநூறு டாலரைக் குறைத்துவிட்டார்கள். ஜனவரியில் கொடுத்த கொரோனா நிவாரணம் உனக்கு வரவில்லை என்று எழுதிக் கேட்டிருந்தோமே, அது அப்போதே கொடுத்தாகிவிட்டதாம். தவறு அவர்களுடையதுதான் என்று சண்டைக்குத் தயாரானேன். படிவத்தைச் சரிபார்க்க உன் காகிதங்களைத் தேடியபோது, பணம் வங்கியில் போட்டாயிற்று என்று அரசு உனக்கு அனுப்பிய கடிதம் கிடைத்தது. உன் தூண்டில் பெட்டியில், ரப்பர் புழுக்களுக்கு அடியில்.

அரசுக்குத் தெரிந்த உன் கணக்கு ஒன்றுதான். உன் முன்னாள் மனைவி ரோண்டாவோடு சேர்த்து வைத்திருந்தது. விவாகரத்தோடு மூடிவிட்டேன் என்றாயே, அதுதான். பொய்யான வரிப் படிவத்தில் என்னையும் கையெழுத்துப் போட வைத்தாய்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கோபத்தில்தான் போனேன், ஆனாலும் போகும் முன் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பதறவில்லை. "உள்ள வா மார்லா. நானா கேக்கல. ஜனவரில ஹீட்டர் செத்துப்போச்சு, நீயே வெச்சுக்கன்னு அவன்தான் சொன்னான். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் குடுன்னேன். சரின்னானே" என்றாள்.

காபி கொடுத்தாள். நல்ல காபி, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கிளம்பும்போது வாசலில் கேட்டாள்: "தலைசுத்தல் இப்ப எப்படி இருக்கு அவனுக்கு? பிப்ரவரில மேல்தளத்துல விழுந்தானே, நல்லவேளை ஆத்துப் பக்கம் விழல."

"இப்ப பரவால்ல" என்றேன், எல்லாம் தெரிந்தவள்போல.

வரித்துறைக்கு மறுப்பு எதுவும் எழுதப்போவதில்லை. அவர்கள் கணக்கு சரி. அந்தப் பணத்தையும் அவளிடம் திருப்பிக் கேட்காதே. குளிரில் யாரும் விறைக்க வேண்டாம். ஆனால் ஹார்லன், பிப்ரவரிக்குப் பிறகு எத்தனை விடுப்புக்கு வந்தாய், எத்தனை இரவு என் பக்கத்தில் படுத்திருந்தாய். ஒரு வார்த்தை சொன்னாயா? அறுநூறு டாலர் அவளுக்குப் போகட்டும். உன் தலைசுற்றல் சேதி எனக்கு வரவேண்டியது.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு உனக்காக டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கேப்டனிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடு. ஆறு உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அதுவரை மேல்தளத்தில் நடக்கும்போது கம்பியை விட்டுவிடாதே.

கோபம் ஆறாத உன் மனைவி,
மார்லா