கயிற்றைப் பிடித்திருக்கும் கை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமில்லை என்று தெரிந்துகொண்டே கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஃபோனை அணைத்துவிட்டு நீ போய் இன்றோடு பதினோரு நாள். எங்கே இருக்கிறாய் என்பது, நத்தை என்று நீ பட்டப்பெயர் வைத்தாயே, அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறாள். நம் படக்கதைக்கு வண்ணம் பூசி, எழுத்து ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவளுக்கு இத்தனை அழுத்தமா என்று இருக்கிறது. கடிதம் கொடுத்தால் சேர்த்துவிடுவேன், அவ்வளவுதான் என்றாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

அம்மாவிடம் நீ வேலையாகப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. வேலைக்குப் போகிறவன் வரைகிற பேனாவையும் டேப்லெட்டையும் விட்டுவிட்டா போவான் என்று கேட்டார். உன் மேசையைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். யாரும் தொடவில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நூற்று நாற்பத்தெட்டாவது அத்தியாயம். கிணற்றில் விழுந்த பொருள்களை எடுத்துக் கொடுக்கும் நம் கதையின் அக்கா, பாதிக் கிணற்றில் தொங்குகிறாள். மேலே அவள் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வழக்கம்போல என் வசனம் நேரத்துக்கு வரவில்லை. வழக்கம்போல நீயும் பேச்சுக் குமிழிகளில் ஒப்புக்குச் சப்பாணியாக எதையோ எழுதி அனுப்பினாய். மூன்று வருடமாக அப்படித்தானே ஓட்டுகிறோம். ‘இங்க அக்கா ஏதோ பெருசா சொல்லுவா’, ‘பசிக்குது’, ‘நத்தை, வானத்துக்கு ஊதா அடிச்சே, உதைப்பேன்’. நாங்கள் படித்துச் சிரித்த பிறகு அதை அழித்துவிட்டு நத்தை என் வசனத்தைப் போடுவாள்.

இந்த முறை தம்பியின் குமிழியில் இருந்தது இது: “கை மரத்துப்போச்சுக்கா. மூணு வாட்டி சொல்லிட்டேன். உனக்குக் கேக்கவே இல்ல.”

நத்தை மாற்ற மறந்துவிட்டாள் என்று நீ நினைத்திருந்தால், பாவம், அவள்மேல் தவறில்லை. இது வசனம்தானா என்று என்னைக் கேட்டாள். நான்தான் இருக்கட்டும் என்றேன். நான் எழுதி வைத்திருந்ததைவிட அது நன்றாக இருந்ததடா. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கதையில் வருகிற தம்பி பேசுகிறான் என்றே நினைத்துவிட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாசகர்களைத் திட்டுகிறவள் நான். எனக்கு வாசனை தெரிந்தது, எரிவது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அத்தியாயம் வெளியானதும் வந்த பாராட்டையெல்லாம் ‘பாத்தியா’ என்று உனக்கே அனுப்பினேன். சனிக்கிழமை காலையில் வாசலில் உன் செருப்பைக் காணோம்.

அந்த மூன்று வாட்டியையும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முதல் தடவை சாப்பிடும்போது உன் கையிலிருந்து டம்ளர் நழுவியது. தைலம் தடவு என்றேன். இரண்டாவது தடவை, விரல் நுனியில் ஊசி குத்துகிறது என்றாய். வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும்தானே என்றேன். மூன்றாவது தடவை பேனாவை விரலோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வரைந்துகொண்டிருந்தாய். நான் சிரித்தேன். அதோடு விட்டேனா, படம் பிடித்து வாசகர்களுக்கும் போட்டேன்.

டாக்டர் சொன்னதை நத்தை நேற்றுதான் சொன்னாள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆறு வாரம் பேனாவையே தொடக்கூடாது, மீறினால் அந்தக் கை வரைவதற்கு உதவாது என்றாராமே. இதை நீ என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னாய். என் லட்சணம் அப்படி.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் ஓவியர் விடுப்பில் என்று ஒட்டிச் சமாளித்தோம். நேற்று நம் கதை வெளியாகும் இணையதளத்தின் ஆசிரியை கூப்பிட்டார். இந்த வெள்ளியும் தவறக்கூடாதாம். நீ போடும் கோடுகளை அப்படியே போடுகிற ஓவியர் ஒருவர் இருக்கிறாராம். மாதிரிப் பக்கமும் வந்தது. அதில் அக்காவின் மூக்கு நேராக இருந்தது. மூன்று வருடமாக நீ என் கோணல் மூக்கை வரைந்துகொண்டிருந்தாய் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது மூன்று. கொஞ்சம் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மணி ஐந்தேகால். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கதை நிற்கிறது. முதல் பக்கத்திலிருந்து தூக்கிவிடுவார்களாம், தூக்கட்டும். பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. நேற்று முழுக்கச் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா இன்னும் கிணற்றில்தான் தொங்குகிறாள். என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீ வரைந்த கடைசிக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் இடது காலுக்கு ஒரு முழம் கீழே, சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது. நான் எழுதித் தராத கல். அவள் அதன்மேல் நின்றுகொள்வாள். ஆறு வாரம் என்ன, ஆறு மாதம் நிற்பாள், திமிர் பிடித்தவள். மேலே இருக்கிறவன் கயிற்றை விட்டுவிடலாம்.

உன் கை பழையபடி ஆக வேண்டும். வரைவதற்கு இல்லாவிட்டாலும், டம்ளர் பிடிக்கவாவது.

இதற்குப் பதில் எழுதாதே. அந்தக் கைக்கு ஒரு எழுத்து வேலைகூட வைக்காதே. ஃபோனைப் போட்டு, திட்டத் தோன்றினால் திட்டு. இல்லாவிட்டால் அதையே நாலாவது வாட்டியும் சொல்லு தம்பி. எப்போது வரைவாய் என்று தேதி கேட்க மாட்டேன்.

உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும்,
அக்கா