மூன்று சுழியும் முப்பது அடியும்

மார்ச் 4, செவ்வாய்

கிடைத்துவிட்டது! பெரிய ஆஸ்பத்திரியின் பலகைகளுக்கு என் எழுத்துருவைப் பரிசீலிக்கிறார்களாம். இன்னும் எடுக்கவில்லை, 14ஆம் தேதி கண் பிரிவு வராந்தாவில் பரீட்சை. ஐந்து நோயாளிகள் முப்பது அடி தள்ளி நின்று படிக்க வேண்டும். தலைமை நர்ஸ் போனில் கறாராகச் சொன்னார்: “அழகெல்லாம் அப்புறம்மா. எங்க ஆளுங்க வழி தெரியாம அலையறாங்க. அது நின்னா போதும்.”

நிற்கும்! ஆறு வருட உழைப்பு. எல்லா எழுத்தும் வட்டமும் நேர்கோடும்தான். காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், ஒரே தடிமனில் கோடு. துளி ஏமாற்று கிடையாது.

மார்ச் 5

வேலை ஓடவில்லை. ஃப்யூச்சரா என்ற ஆங்கில எழுத்துருவின் மாதிரிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1927இல் வந்த எழுத்து. வால், கொம்பு எல்லாவற்றையும் உதறிவிட்டு வட்டம், சதுரம், முக்கோணம் என்று வந்து நின்றது. மனிதன் முதன்முதலில் நிலாவில் இறங்கியபோது விட்டுவந்த தகட்டில்கூட அதுதான்! கல்லூரியில் அதைப் பார்த்த அன்றைக்கே, தமிழுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது. இன்னும் தெளியவில்லை.

மார்ச் 7

பரீட்சைக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை. அத்தைக்கு, அதாவது இவருடைய அம்மாவுக்கு, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. அதே கண் பிரிவுக்குத்தான் மாதாமாதம் போகிறார். அங்கே நானோ இவரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போகாவிட்டால் எக்ஸ்ரே அறையில் போய் நிற்பார். இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்?

நடைவழியின் கோடியில், என் எழுத்தில் ‘கண் பிரிவு’ என்று அச்சடித்த தாளை ஒட்டினேன். “படிங்க அத்தை.”

“எதை?”

“அதோ, செவுத்துல.”

“அது எழுத்தா? ஈ மொய்ச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்!”

கண் சரியில்லையோ என்று கேட்டேன். அவ்வளவுதான். “கண்ணு சரியில்லாமத்தான் எதிர்வீட்டு போர்டு தெரியுதா? ‘மாடி வாடகைக்கு விடப்படும்.’ கேட்டுக்கோ.” அது யாரோ கோணல்மாணலாகப் பெயிண்டில் கிறுக்கியது! இவர் வேறு விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஆறு வருஷம்! இவங்களுக்கு என்ன தெரியும் என் கஷ்டம்? ஈயாம், ஈ.

மார்ச் 8

எல்லோரோடும் கோபம். தாளோடும்தான்.

மார்ச் 9, ஞாயிறு

யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே முப்பது அடி தள்ளி நின்றேன். கண்ணாடியைக் கழற்றினேன்.

ஈதான்.

‘கண் பிரிவு’ என்பதில் ண-வின் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு ஒரே கருப்பு. ப-வுக்குப் பக்கத்தில் வட்ட எழுத்தெல்லாம் சூம்பிப் போய்த் தெரிகிறது. ஸ்கேல் வைத்தேன், உயரம் ஒன்றேதான். அளவு சரி, பார்வைக்குத் தப்பு. எப்படி?

அப்படியானால் ஃப்யூச்சரா மட்டும் எப்படித் தப்பித்தது? ஜெராக்ஸ் கடைக்கு ஓடி அதன் ‘o’வைத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி வந்தேன். அளந்தேன். மறுபடி அளந்தேன். அடப்பாவி! கோடு பக்கவாட்டில் தடிமன், மேலும் கீழும் மெலிசு! வளைவு போய் நேர்கோட்டுத் தண்டைத் தொடும் எழுத்துகளில் அந்த இடத்தில் இன்னும் மெலிசு! இருபது வருஷமாக நான் கும்பிட்ட வட்டம் காம்பஸ் வட்டமே இல்லை. கண்ணுக்கு வட்டமாகத் தெரிவதற்காகச் செய்த திருட்டு. என்ன அழகான திருட்டு! என் எழுத்து எல்லாவற்றையும் மறுபடி திறந்துபோட்டாயிற்று.

மார்ச் 11

சுழி சேரும் இடமெல்லாம் இளைக்க வைத்தேன். வட்டங்களை மேல்கீழ்க் கோட்டுக்கு மயிரிழை அளவு வெளியே தள்ளினேன். இதற்கு நடுவில் மானம் ரோஷம் எல்லாம் விட்டு அத்தையிடம் போய் நின்றேன்.

“ஈ பறந்துடுச்சு,” என்றார். “இப்ப எறும்பு.”

முன்னேற்றம்!

மார்ச் 13

புதுத் தாள். அத்தை படித்தார்: “‘காது மூக்கு தொண்டை, வலது பக்கம்.’ அதுக்கென்ன இப்ப? ஆளை விடு, தலைக்கு மேல வேலை கெடக்கு.”

கட்டிப்பிடித்துக்கொண்டேன். தள்ளிவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

ஐந்துக்கு ஐந்து!! ஒரு பெரியவர், படித்து முடித்த பிறகும் கிட்டே போய், கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் விடாமல் படித்தார். தலைமை நர்ஸ், “போட்டுடலாம்மா,” என்றார். பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து நடத்துனரிடம் திட்டு வாங்கினேன். அதுகூட இனித்தது.

ஜூலை 22, செவ்வாய்

பலகைகள் மாட்டி மூன்று வாரம். இன்று அத்தைக்கு டாக்டரைப் பார்க்கும் நாள். நான் கூட்டிப்போயிருப்பேன் என்று இவரும், இவர் போயிருப்பார் என்று நானும். மதியம் வந்து பார்த்தால் அத்தை மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார். எக்ஸ்ரே அறைப் பக்கம் போகாமல் தனியாகவே போய்வந்துவிட்டாராம்!

“எப்படி அத்தை? போர்டு பாத்தா போனீங்க?”

“எந்த போர்டு? நான் பாட்டுக்கு நேரா போனேன், இடது பக்கம் திரும்புனேன், டாக்டர் இருந்தாரு. இது ஒரு பெரிய விஷயமா?”

அது யார் எழுத்து தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். வேண்டாம், படிக்கிறோம் என்றே தெரியாமல் படித்திருக்கிறார்! சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன்.