ஏரிக்கரைத் தெருவில் ஒரு கோடை லீவு

மே 4, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருத்தணி பஸ் சித்தூர் வந்து சேரும்போது மத்தியானம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கொண்டுவந்தவை: வேட்டி, வேதாகமம், அக்காவுக்கு வெற்றிலை, மாமாவுக்குப் பொடி மட்டை. மறந்தது: சவரக் கத்தி.

போன மாதம் திருத்தணி மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. நான் வாத்தியார் வேலை பார்க்கும் ஊர் நம் பக்கம் வந்தாயிற்று. பிறந்து வளர்ந்த சித்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. சொந்த அக்கா வீட்டுக்கு வர ஒரு எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது.

ஏரிக்கரைத் தெரு அப்படியே. ஏரியில்தான் தண்ணீர் பாதி, நடுவில் எருமைகள். படித்துறையில் கொஞ்ச நேரம். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தப் பழகிய இடம். பக்கத்து வீட்டு எஸ்தர் எனக்கு முன்னாலேயே குடுக்கையை வீசிவிட்டு நீந்தினாள். அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். எஸ்தரைக் கட்டிக்கொள்ளக் கேட்க வந்திருக்கிறேன். மனைவி மேரி காலமானபிறகு வீடு வீடாக இல்லை. எஸ்தர் இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பிகளைப் படிக்கவைத்துக் கரையேற்றியதில் அவள் கல்யாணம் நின்றே போயிற்று.

அக்காவிடம் சொன்னேன். "இதக் கேக்க இம்மா வருசமாடா?" என்றாள். மாமா சபை மூப்பர். "அவ சரின்னா அன்னிக்கே போதகர்கிட்ட உங்க பேரக் குடுத்துடறேன். மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிக்கணும், யாருக்காவது ஆட்சேபணையான்னு கேக்கணும். உன் லீவு முடியறதுக்குள்ள ஆவணுமே" என்றார். கொடுங்கள் என்றேன்.

மே 5, வியாழன்

புழுக்கம். மாமாவின் கத்தியில் சவரம், கன்னத்தில் கீறல்.

சாயங்காலம் முனிசிபல் பார்க். கொடுக்காப்புளி மரத்தை வெட்டிவிட்டார்கள், பாவிகள். ரேடியோ ரூம் இருக்கிறது, கூரைமேல் அதே ஒலிபெருக்கி. முதலில் மெட்ராஸ் நிலையம், தமிழில்; பிறகு விஜயவாடா, தெலுங்கில். தமிழ்க்காரனும் தெலுங்குக்காரனும் ஒரே பெஞ்சில் பொரி தின்றுகொண்டு இரண்டையும் கேட்பது அன்றும் உண்டு, இன்றும்.

எஸ்தர் டியூட்டி முடிந்து வந்தாள். காதோரம் நரை. அழகாகத்தான் இருக்கிறாள். என்ன பேசுவதென்று தெரியாமல் மாம்பழ விலை பேசினேன். மக்கு.

விஜயவாடா ஆரம்பித்தது. எழுந்துவிட்டேன். ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம் எடுத்த சபதம்: தெலுங்கில் பேச்சு, பாட்டு, ஜெபம் எது நடந்தாலும் அங்கே உட்காருவதில்லை. சித்தூர் நமக்கு வேண்டுமென்று மறியல் செய்து ஒரு ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தவன், சும்மாவா? கேட்டருகே நின்றேன். கடலைக்காரன்: "லோப்பல பாட்டு நல்லா வருது சார், உள்ள போவாம இன்னாத்துக்கு இங்க நிக்கிறீங்க?"

உனக்கென்னடா.

விஜயவாடா முடிந்து, கடலையோடு பெஞ்சுக்குத் திரும்பியதும் எஸ்தர் கேட்டாள்: "இன்னும் இந்த வீம்பு போவலயா? தூக்கத்துல தெலுங்குல ஒளறுவீங்கன்னு உங்கக்கா சொல்லிக்கினு இருந்தாங்க."

"அது தூக்கம்."

சிரித்தாள். என் கடலையையும் சேர்த்துத் தின்றாள். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

மே 6, வெள்ளி

மேகம் மூட்டியது, மழை இல்லை.

எஸ்தரோடு நடை. ஏரிக்கரை ஓரம் புதிதாக ஒரு சின்னத் தோட்டம். இரும்பு ஊஞ்சல், காகிதப்பூச் செடி, பூ பறிக்காதே என்று தெலுங்கில் மட்டும் ஒரு பலகை. ரத்தம் கொதித்தது. எஸ்தர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைமேல் ஏறினாள்.

சின்ன வயதில் கிறிஸ்துமஸ் பஜனை போன பாதை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வீட்டுக்கு வீடு நின்று தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு. "தெலுங்குப் பாட்டுல உங்க கொரல்தான் அந்தாண்ட கரை வரிக்கும் கேக்கும்" என்றாள். உண்மை. அந்தப் பையன் எங்கே போனான்?

கேட்டேவிட்டேன். "எஸ்தர், என்னக் கட்டிக்கிறியா?"

தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்: "எங்கூட வேல செய்றவங்க, பேஷண்டுங்க, பாதிப்பேரு தெலுங்குதான். நாளைக்கி அவங்க என்னப் பாக்க வந்தா, எழுந்து வாசலுக்குப் பூடுவீங்களா?"

ஒரு கல்லை எடுத்து ஏரியில் வீசினேன்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாங்க. பதில் அங்க தெரியும்."

மே 7, சனி

பங்கனப்பள்ளி அளவுக்கு மீறித் தின்று வயிறு மந்தம். திருப்பதி பஸ் கிளப்பிய புழுதி, துவைத்த வேட்டியெல்லாம் மண். அக்காவும் மாமாவும் குசுகுசு. என்னைக் கண்டதும் சிரிப்பு. என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல, துன்னுட்டுத் தூங்கு."

மே 8, ஞாயிறு

கஞ்சி போட்ட சட்டை. கிளம்ப நேரமாகிவிட்டது. சர்ச் கேட்டருகே போனால் உள்ளே தெலுங்குப் பாட்டு. இங்கே ஒரு வாரம் தமிழ் ஆராதனை, ஒரு வாரம் தெலுங்கு. எனக்கு நினைவே இல்லை. கால் நகரவில்லை. முடிந்து வரட்டும், வெளியே கேட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கில் போய் உட்கார்ந்தேன். மைனாக்கள். காலி பெஞ்சு.

கூட்டம் வெளியே வந்தபோது கேட்டுக்குத் திரும்பினேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள், நிற்காமல் போனாள். பின்னாலேயே அக்கா: "பாவி! ஓலை வாசிச்சாங்கடா! உன் பேரையும் அவ பேரையும் சேத்து! சபையே திரும்பித் திரும்பி மாப்பிள்ளையத் தேடுது. அவ முன் பெஞ்சில ஒண்டியா குந்திக்கினு இருந்தா."

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். வாசலிலேயே நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமையே உங்க மாமாகிட்ட சரின்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் தமிழு. நீங்க எப்படியும் வருவீங்க, நான் வரல. மூணாவது ஓலை தெலுங்குல. அன்னிக்கி வந்து உக்காந்தா கல்யாணம். இல்லன்னா நானே நிறுத்தச் சொல்லிடுவேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 15, ஞாயிறு

தமிழ் ஆராதனை. முன் பெஞ்சில் நான் மட்டும். இரண்டாம் ஓலை. எல்லாரும் பெண்ணைத் தேடினார்கள். போன வாரம் அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் பார்க். விஜயவாடா ஆரம்பித்தது. எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன். ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை, அதுதான் எரிச்சல். பக்கத்தில் இருந்தவர் பொரி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மே 22, ஞாயிறு

ராத்திரி நல்ல மழை. ஏரியில் தவளைச் சத்தம்.

முன் பெஞ்சு. பெண்கள் பக்கம் முன் பெஞ்சில் எஸ்தர், வெள்ளைப் புடவை. பஜனையில் பாடிய தெலுங்குப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். புத்தகம் வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகப் பாடியது, சத்தமாகவே. அழுகை வந்துவிட்டது.

போதகர் மூன்றாம் ஓலையை வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று தெலுங்கில் கேட்டார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எஸ்தரும்.

உட்கார்ந்தே இருந்தேன்.