பாதி வழியில் இறங்கியவர்

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மகளுக்குத் தையல் ஆறிவிட்டது. பேரன் பகலெல்லாம் தூங்கிவிட்டு, நாங்கள் தட்டு வைத்து உட்காரும் நேரம் பார்த்துக் கண் விழிக்கிறான். மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. பாவம், என்ன செய்வது!

போனில் கேட்டால் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நேற்று உங்கள் இஞ்சின் அசிஸ்டெண்டின் மனைவி கூப்பிட்டாள். குழந்தையை விசாரித்துவிட்டு, "அண்ணன் வேலைய விட்டுட்டு வீட்ல எப்படிக்கா பொழுத ஓட்டுறாரு?" என்றாள். எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன்.

ரயில்தான் உங்களுக்கு மூத்த தாரம், நான் இளையவள் என்று என் தங்கை கேலி செய்வாளே. அந்த மூத்தவளை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தள்ளி வைத்துவிட்டீர்கள். வேறு வேலை ஏதாவது பார்த்து வைத்திருக்கிறீர்களா? மாப்பிள்ளை கேட்டார். "அவர் யோசிக்காம எதையும் செய்ய மாட்டார்" என்றேன். சொல்லிவிட்டு நேராக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
வாயாடி

ஜூன் 9

என் வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதறாதே. முதுகுவலிதான் காரணம். இத்தனை வருஷம் அந்த இஞ்சின் சீட்டில் குலுங்கினால் முதுகு என்ன ஆகும்? கண்ணும் முன்போல் இல்லை. வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. பார்க்கலாம்.

சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டேன். மாடி ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தேன். எதிர்வீட்டு வாத்தியார், "என்ன சார், ரிட்டையர் ஆயிட்டீங்களா?" என்றார். "இல்ல சார், இறங்கிட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. குக்கரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். அந்த விசில் வேண்டாமென்று பானையில்தான் சோறு வடிக்கிறேன்.

இப்போதைக்கு அங்கே வர முடியாது. பேரனை எனக்காகவும் கொஞ்சு.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்

ஜூன் 16

உங்களுக்கு,

முதுகுவலியா? போன மாசம் பீரோவைத் தனியாளாக மாடிக்கு ஏற்றின முதுகுதானே அது? யார் காதில் பூச் சுற்றுகிறீர்கள்?

வேலையை விட்டது உங்கள் இஷ்டம். அடுத்த வேளைக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. நான் தைக்கிறேன், எப்படியும் ஓட்டிவிடலாம். ஆனால் பேரன் பிறந்து இத்தனை நாளாகியும் நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை. மகள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நேற்று குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "அப்பாவுக்கு என் மேல ஏதாவது கோவமாம்மா?" என்றாள். நான் என்ன சொல்வது?

என்னிடம்கூடச் சொல்ல முடியாத விஷயம் என்றால், நான் ஏன் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்? சுவரோடு பேசவா? இங்கேயே இருந்துவிடுகிறேன். இது கோபத்தில் எழுதியது இல்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பேரனின் பாட்டி

ஜூன் 22

என் கண்ணே,

மகளிடம் சொல், அப்பாவுக்கு அவள் மேல் ஒரு கோபமும் இல்லை என்று.

நீயும் மகளும் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. பாலம் தாண்டினதும் ஒரு வளைவு வருமே, அங்கே ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடந்து போனான். காலை வெயில். ஹாரனை அழுத்தினேன், விடவே இல்லை. பிரேக்கும் போட்டேன். போட்ட இடத்தில் நிற்க அது சைக்கிளா? அவனைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

விசாரித்தார்கள். என் மேல் தவறில்லை என்று எழுதினார்கள். மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். நீ பேரன் பிறந்த சந்தோஷத்தில் போன் செய்தாய். அதன் நடுவில் இதை எப்படிச் சொல்வேன்?

லீவில் அந்தப் பையன் வீட்டைத் தேடிப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் அம்மா என்னை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம், "கடைசியா அவன் முகத்தைப் பார்த்தது நீங்கதானேப்பா? அவன் திரும்பிப் பார்த்தானா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவனுக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். என்னை நேராகப் பார்த்தான். நான் ஏதாவது செய்வேன் என்பது போலப் பார்த்தான்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது போதும்யா. நீங்க சாப்ட்டீங்களா?" என்றார். என்னிடம் கேட்கிறார்!

மறுநாள் டியூட்டிக்குப் போனேன். வண்டி கிளம்பியது. ஹாரன் அடிக்க வேண்டிய இடம் வந்தது, கை எழும்பவில்லை. அசிஸ்டெண்ட்தான் அடித்தான். "அண்ணே, நீங்க இறங்கிடுங்கண்ணே" என்று அழுதான். அடுத்த ஸ்டேஷனில் வண்டியை அவனிடமும் வேறொரு டிரைவரிடமும் விட்டுவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ராஜினாமா எழுதினேன். பாதி வழியில் வண்டியை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான்.

பேரனை வந்து பார்க்காததற்கும் இதுதான் காரணம். பச்சைக் குழந்தை என் முகத்தைப் பார்க்குமே.

இனி நீ வருவதும் வராததும் உன் விருப்பம். குறை சொல்ல மாட்டேன்.

உன்

ஜூன் 27

என்னங்க,

கடிதத்தைக் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். மகளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

"உங்க தப்பு இல்ல" என்று எழுதத்தான் முதலில் ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அதை உங்களிடம் சொல்லாதவர் யார் மிச்சம்?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். என்னை அழைக்க ஸ்டாண்டுக்கு வரவேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்வேன். வேலையைப் பற்றி நான் கேட்கமாட்டேன், மாப்பிள்ளையும் கேட்கமாட்டார். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நானும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். என்னால் முடியுமா என்று சிரிக்காதீர்கள், முடியும்.

கொஞ்ச நாள் போகட்டும். அந்த அம்மா வீட்டுக்கு என்னையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். அவர் திரும்பவும் கேட்பார். பெற்றவள், கேட்காமல் இருக்கமாட்டார். அப்போது நான் முந்திக்கொண்டு சொல்கிறேன், "என் வீட்டுக்காரர் சொன்னார்மா, அவன் திரும்பியே பார்க்கலையாம்" என்று.

உங்கள் மனைவி