ஒன்பது சந்தை, ஒரே ஆடு

சனி, 9 மார்ச் 2013

தூறல். சப்பாத்துக்குள் ஈரம். பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரைப் பரீட்சை பற்றி பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுத, பாரிஸின் லா ஷப்பல் மண்டபத்துக்குப் போனேன். பன்னிரண்டுக்குத் தமிழ் வகுப்பு முடிய, ஒரு மணிக்கு அதே மேசைகளில் இக்போ வகுப்பு. நைஜீரியக்காரரின் மொழி. ஆசிரியை ங்கோசி (இனி ங்.), வார நாட்களில் சென் தெனியில் அலுவலக வேலை. ஆறு வருடமாகக் கதவடியில் வணக்கம் மட்டும். இன்று மழை எங்களை நிறுத்திப் பேசவைத்தது. பேச்சு பிரெஞ்சில்.

அவருக்கும் அதே தலைவலி. அவர்களின் சங்கம் வருடாவருடம் பரீட்சை வைக்கிறது. கட்டுரைத் தாள் பற்றி அவர் சொன்னது:
– கடிதம்: பரவாயில்லை. மாமாவிடம் செருப்புக் கேட்டு எல்லாரும் நன்றாகவே எழுதுகிறார்கள்.
– விவாதம்: இரண்டு பந்தி. பிறகு மூச்சு நின்றுவிடும்.
– நடந்ததைச் சொல்வது: நல்ல புள்ளி. ஆனால் மனப்பாடம்.

இம்முறை தலைப்பு ‘நான் பார்த்த ஒரு சந்தை’. எழுதியவர்கள் பதினொரு பேர். ஒருவர் வெற்றுத் தாள். ஒன்பது பேரின் சந்தையில் செம்மண், பெரிய மரம், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஆடு.

“ஒன்பது சந்தை, ஒரே ஆடு,” என்றார் ங். “மாதிரிக் கட்டுரைப் புத்தகத்து ஆடு. என் காலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் பிடிக்கவில்லை.”

எங்கள் பக்கம் அது பொங்கல் பானை, என்றேன்.

பதினோராவது தாள் சிடிம்மா. பதினேழு வயது, வில்லியே லே பெல் புறநகர். அவள் எழுதியது இந்த லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெரு. மாதக் கடைசியில் தாயோடு ஒரு தமிழ்க் கடைக்கு வருகிறாள். கடைக்காரர் இஞாம் என்னும் பெரிய வள்ளிக்கிழங்கு எட்டை இக்போவில் எண்ணிக் கொடுக்கிறார். பாரிஸில் யார் எண்ணியதையும் நம்பாத தாய் அவர் எண்ணியதை நம்புகிறாள்.

இரண்டாவது திருத்துநர் லியோனில் இருக்கும் ஒரு பெரியவர். இருபதுக்கு எட்டு. ஓரத்தில்: ‘இப்படி நடந்திருக்க முடியாது. கடைசி வரி பொருளற்றது.’ ங். போட்டது பத்து. சராசரி ஒன்பது. தேற வேண்டியது பத்து.

செப்டெம்பரில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை இவளிடம் கொடுக்க ங். நினைத்திருந்தார். சான்றிதழ் இல்லாமல் சங்கம் விடாது. வேறு ஆளும் இல்லை. அடுத்த சனிக்குள் முறையீடு அனுப்பலாம்.

“நீங்கள் செய்திக்காரர். அப்படி ஒரு கடைக்காரர் உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.”

அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே ஒத்துக்கொண்டேன்.

திங்கள், 11 மார்ச்

குளிர். வாங்க: பல்பு, முருங்கைக்காய், பேனை.

கட்டுரை சொன்ன அடையாளத்தில் கடை யோகனுடையது. இருபது வருடப் பழக்கம். இக்போவில் எண்ணுவீரா என்று நேரே கேட்டேன். அது பிழை. ஆளின் முகம் இறுகிவிட்டது.

“ஏன் அண்ணை கேக்கிறியள்?”

பரீட்சை, பிள்ளை, சாட்சிக் கடிதம் என்று சொன்னேன். ‘கடிதம்’ என்றதும் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

“அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா நான் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கமாட்டன். ஒருக்கா ஒரு பேப்பரிலை கையெழுத்து வைச்சு, நாலு வருசம் விசாவுக்கெண்டு ப்ரெபெக்த்யூருக்கு நடந்தனான்.”

“பரீட்சைப் பேப்பர்தானே யோகன்.”

“பேப்பர் பேப்பர்தான் அண்ணை. இவ்வளவு முருங்கைக்காய் காணுமோ?”

பல்பு வாங்க மறந்துவிட்டேன்.

செவ்வாய், 12 மார்ச்

பனி. வெளியே போகவில்லை. பழைய குறிப்புகளைக் கிழித்தேன். இரண்டு பை.

வியாழன், 14 மார்ச்

தெளிவான வானம். ஓரங்களில் கறுத்த பனி. 11.20 முதல் யோகன் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில். பொருள் வாங்குகிறவன் போல.

11.55. மஞ்சள் தலைத்துணி கட்டிய பெண், ஐம்பது வயதிருக்கும். எட்டுக் கிழங்கு கேட்டார். யோகன் ஒவ்வொன்றின் நுனியையும் நகத்தால் கீறி வெள்ளையைக் காட்டிப் பெட்டியில் வைத்தார். வாய்விட்டு எண்ணினார்: ஒத்து, அபுவோ, அத்தோ, அனோ, இசே. ஐந்து. அதற்குமேல் ஆறு, ஏழு, எட்டு என்று தமிழ். அந்தப் பெண்ணும் கூடவே ஆறு, ஏழு, எட்டு. இருவர் முகத்திலும் எந்த வியப்பும் இல்லை.

பெண் போனதும் யோகன், “அரிசி மூட்டையளை எண்ணி முடிச்சிட்டியளோ அண்ணை?”

சந்தோஷம், பிறகு சங்கடம். ங். சொன்னபடி கட்டுரையில் கடைக்காரர் எட்டையும் இக்போவிலேயே எண்ணுகிறார். நான் கேட்டது ஐந்துவரைதான். லியோன் பெரியவருக்கு இந்த ஓட்டை போதும். விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. நாற்பது வருடச் செய்தி வேலையில் செய்யாததை ஒரு நல்ல பிள்ளைக்காகச் செய்யலாமா என்று தேநீர் ஆறும்வரை யோசித்தேன். எழுதினேன்: ஐந்துவரை மட்டும்.

சனி, 16 மார்ச்

காற்று. ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க மண்டபம். சிடிம்மாவும் இருந்தாள். உயரமான பெண், கையுறையைக் கழற்றவில்லை. என் குறிப்பைப் பிரெஞ்சில் வாசித்தேன். ‘ஐந்துவரை மட்டும்’ என்றதும் தலையைக் குனிவாள் என்று நினைத்தேன். ஆசிரியையைப் பார்த்தாள்.

“பிறகு எந்த மொழி?” என்றார் ங்.

தமிழ், என்றேன். சொல்லச் சொன்னார். ஆறு, ஏழு, எட்டு.

ங். விடைத்தாளை எடுத்தார். கடைசி வரியில் அவரே போட்ட சிவப்புக் கோடு. அதன் கீழே, பிரெஞ்சு எழுத்தில், பிழையில்லாமல்: ஆறு, ஏழு, எட்டு. இரண்டு திருத்துநர்களும் உளறல் என்று வெட்டியது. எனக்குச் சொல்லும்போது அந்த வரியையே ங். விட்டிருக்கிறார்.

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று சிடிம்மாவைக் கேட்டார்.

“நீங்கள் கேட்கவில்லையே, மதாம். அந்தக் கடைக்கு நீங்களும் போவீர்கள் என்று நினைத்தேன்.”

“நான் சென் தெனி சந்தையில் வாங்குகிறேன்,” என்றார் ங். பிறகு, மெதுவாக, “ஆடு ஓடியிருந்தால் பதினைந்து போட்டிருப்பேன்.”

கடிதம் அங்கேயே எழுதினோம். கண்டது, கேட்டது, நாள், நேரம். யோகன் பெயர் இல்லை; ‘கடைக்காரர்’. சாட்சி நான். கையெழுத்தும் நான். கார் து நோர் ரயில் நிலையப் பக்கத் தபாலகத்தில் ங். தானே போட்டார்.

புதன், 20 மார்ச்

பதில் இல்லை. பல்பு வாங்கியாயிற்று. தமிழ்ப் பரீட்சைக் கட்டுரை பாதியில். பானையைப் பற்றி எழுதலாமா? ஆசிரியர்கள் கோபிப்பார்கள். எழுதலாம்.

சனி, 23 மார்ச்

வெயில் மாதிரி ஒன்று. ங். படியிலேயே காத்திருந்தார். பெரியவர் நேற்றுத் தொலைபேசியில் அழைத்தாராம். முதலில் அரைமணி சண்டை: சந்தை என்றால் அங்கே ஊரில் இருப்பதுதான் சந்தை, கடை எப்படிச் சந்தையாகும் என்று. ங். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: மற்ற ஒன்பது பேரிடமும் அந்த ஆட்டுக்குச் சாட்சிக் கடிதம் கேட்டீர்களா? பெரியவர் சிரித்துவிட்டார். அவருடைய எட்டு பதின்மூன்றாயிற்று. ங். தன் பத்தை அழித்துப் பதினான்கு.

சிடிம்மா உள்ளே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவை முன்வரிசையில்.

திங்கள், 25 மார்ச்

மறுபடி குளிர். யோகனிடம் சொல்லப் போனேன். பெயர் எங்கும் இல்லை என்பதை இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு கிழங்குப் பெட்டியை நேராக வைத்தார்.

“அப்ப அந்தப் பிள்ளை ரீச்சராகப் போகுது.”

“ஓம்.”

“அண்ணை, ஆறுக்கு அவையள் என்னெண்டு சொல்லுறவை?”

ங்கோசிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இசீ. பெட்டி மூடியில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.